கார்பரேட்டரைத் திறந்து பார்க்கலாம்

தோழர்களே, இந்த முறை கார்பரேட்டர் பற்றி எழுதுகிறேன். உதவித்தொகை, விடுதிச் சாப்பாடு, வன்கொடுமை வழக்குகள் என்று பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் ஒரு கேள்வி.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்துக்கு எட்டயபுரம் சாலைப் பக்கத்து ஒர்க் ஷாப்புகளில் ஹெல்பராக இருக்கும் பையன்கள் சிலர் வருகிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு வயது 19. மூன்று வருடமாக ஸ்பேனர் பிடிக்கிறான். ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கேட்டான்: "யக்கா, கார்பரேட்டர்ல ஒரு ஸ்க்ரூவ ஒன்றரை சுத்து திருப்பி விடுவாவ. ஏன் ஒன்றரை? ரெண்டு திருப்பினா என்ன ஆவும்?"

"உங்க மேஸ்திரிகிட்டக் கேக்கலியா?"

"கேட்டேன். 'அது கைராசில, ஒனக்கு வராது'ன்னுட்டாவ. அந்த வேல வந்தா எங்கள டீ வாங்க அனுப்பிருவாவ."

டயர் கழற்றுவது, கிரீஸ் அடிப்பது, வண்டிக்கு அடியில் படுப்பது இவனுடைய வேலை. கார்பரேட்டரைத் திறக்கும் நேரம் மட்டும் இவன் டீக்கடையில் இருக்க வேண்டும். 'ஒனக்கு வராது' என்ற சொல்லை நாம் எத்தனை இடங்களில் கேட்டிருக்கிறோம்! அதனால் இதை அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்குமாக எழுதுகிறேன். நான் மெக்கானிக் கிடையாது. சமூகவியல் படித்துவிட்டுச் சமூகப் பணி செய்கிறவள். ஆனால் எங்கள் வீட்டு வண்டியின் கார்பரேட்டரைத் தேர்ந்தெடுத்து, பொருத்தி, டியூன் செய்த வேலையில் முதலிலிருந்து கடைசி வரை இருந்தேன். நடந்ததை நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்.

வண்டி 1984 மாடல் பிரீமியர் பத்மினி. 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் பம்பாயில் தயாரிக்கத் தொடங்கிய கார்தான் எழுபதுகளில் பத்மினி ஆனது. நான்கு சிலிண்டர், 1089 சிசி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர். மும்பையின் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு சாலையிலிருந்து விடைபெற்றபோது பத்திரிகைகள் உருகி உருகி எழுதின. எங்கள் தெருவில் வயதானவர்கள் இன்றும் இதை 'பிளஷர்' என்றுதான் சொல்கிறார்கள்.

இந்தக் காரை அப்பா பதினேழு வருடம் ஒரு முதலாளிக்காக ஓட்டினார். அவரே துடைப்பார், அவரே ஓட்டுவார். ஆனால் கல்யாண வீட்டு வாசலிலோ துறைமுக வாசலிலோ காத்திருக்கும் நேரத்தில் காருக்குள் உட்காரக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் வெளியேதான் நிற்க வேண்டும். முதலாளி வீட்டில் அவருக்கான டம்ளர் தோட்டத்துக் குழாயடியில் கவிழ்த்து வைத்திருக்கும். 2004இல் அவர்கள் புதுக் கார் வாங்கியபோது இந்த வண்டியைக் காயலான் கடைக்குப் போடப் போனார்கள். அப்பா 18,000 ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து இந்தக் கார் எங்கள் ஊருக்குப் பிரசவ வண்டி, பரீட்சை வண்டி, கலெக்டர் ஆபீஸுக்கு மனுக் கொடுக்கப் போகும் வண்டி. வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு அப்பா அதற்குள் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். எங்கேயும் போக மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். எங்கள் பத்மினி இரண்டு நாள் ஜன்னல் வரை தண்ணீரில் நின்றது. உப்பளத்து நீரும் சாக்கடையும் சேறும் கலந்த தண்ணீர். எஞ்சினைப் பிரித்து எண்ணெய் மாற்றிக் காப்பாற்றிவிட்டோம். கார்பரேட்டர் போய்விட்டது. அதன் உடம்பு துத்தநாகக் கலவையால் ஆனது. உப்பு நீர் அதைத் தின்று, உள்ளே இருக்கும் நுண்ணிய வழிகளையெல்லாம் வெள்ளைப் பொடியால் அடைத்திருந்தது. பக்கத்துத் தெருக்களில் கணினி வைத்த புதுக் கார்களைச் சரிசெய்யக் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் எங்களுடைய நஷ்டம் சிறியது. இருந்தாலும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. எந்தக் கார்பரேட்டரைப் போடுவது?

அதற்கு முன் அது என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். பெட்ரோல் திரவமாக எரியாது. காற்றோடு கலந்து ஆவியாக வேண்டும். ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கார்பரேட்டர் நடுவில் ஒடுங்கிய ஒரு குழாய். எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது ஒடுங்கிய இடத்தில் காற்று வேகமெடுக்கிறது. வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறைகிறது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல், அழுத்தம் குறைந்த அந்த இடத்தை நோக்கித் துளை வழியாகப் பீறிட்டு வருகிறது. அந்த ஒடுங்கிய இடத்துக்கு வென்சுரி என்று பெயர், இத்தாலிய விஞ்ஞானி ஒருவரின் நினைவாக. அந்தத் துளைக்கு ஜெட் என்று பெயர். பம்பு வைத்துத் தள்ளாமல், எஞ்சினின் மூச்சே தனக்கு வேண்டிய பெட்ரோலை அளந்து எடுத்துக்கொள்கிறது. மற்ற பாகங்களெல்லாம் இதற்குத் துணை: கிண்ணத்தில் மட்டம் காக்க ஃப்ளோட், ஐடிலிங்குக்குத் தனியாக ஒரு சின்ன ஜெட், திடீரென்று மிதிக்கும்போது ஒரு சொட்டு கூடுதலாகக் கொடுக்க ஆக்ஸிலரேட்டர் பம்ப், குளிரில் ஸ்டார்ட் செய்யச் சோக்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. முதல் வழி, பழைய ஒற்றைத் தொண்டை சோலெக்ஸையே தேடிப் பிடித்து ரிப்பேர் செய்து போடுவது. இரண்டாவது, மாருதி 800, ஆம்னி வண்டிகளுக்கு வந்த மிகுனி வகையை இடையில் ஒரு தகடு கொடுத்துப் பொருத்துவது. மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து வரும் இரட்டைத் தொண்டை வெபர். "வெபர் போட்டா பறக்கும்" என்றார்கள் சிலர்.

இங்கேதான் நம் பையன்கள் நோட்டை எடுக்க வேண்டும். கார்பரேட்டர் தேர்வு ஆசையில் தொடங்கக் கூடாது, கணக்கில் தொடங்க வேண்டும். எஞ்சின் 1.089 லிட்டர். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவையும் உறிஞ்சும். நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடினால் 2,500 முறை உறிஞ்சுகிறது. 2,500 × 1.089 என்றால் 2,722 லிட்டர். இதுபோன்ற பழைய எஞ்சின் முழுதாக நிறையாது, எண்பது விழுக்காடு என்று வைத்துக்கொள்ளலாம். ஆக நிமிடத்துக்குச் சுமார் 2,180 லிட்டர் காற்று. இவ்வளவுதான் இந்த எஞ்சினின் மூச்சு, அதுவும் விரட்டி ஓட்டும்போது. ஊருக்குள் ஓடும்போது இதில் கால்வாசிகூட வேண்டாம்.

நாங்கள் பார்த்த வெபர் 32/36 வகை. 1600, 2000 சிசி எஞ்சின்களில் பேர் வாங்கியது. நம் எஞ்சினுக்கு அது பெரிய தொண்டை. தொண்டை பெரிதானால் மெதுவாக ஓடும்போது காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் அழுத்தம் போதுமான அளவு இறங்காது, பெட்ரோல் ஒழுங்காக வராது. மிதித்ததும் வண்டி ஒரு நொடி தயங்கும். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊரும் வண்டிக்கு அந்த ஒரு நொடி ஆபத்து. மேல் வேகத்தில் வெபர் கொடுப்பதை வாங்கிக்கொள்ள இந்த எஞ்சினிடம் ஆளில்லை. சிறிய ஜெட்டுகள் போட்டு அதையும் பழக்கலாம், ஆனால் அந்த ஜெட்டுகளை வரவழைக்கும் செலவை யார் கொடுப்பது?

மிகுனி நல்ல சாமான், கிடைப்பதும் எளிது. எண்பதுகளின் நடுவில் தொடங்கிய யூகால் நிறுவனம் மறைமலை நகரில் ஜப்பானிய மிகுனியோடு சேர்ந்து மாருதிக்குக் கார்பரேட்டர் செய்து கொடுத்ததால் நம் மாநிலத்துக்கு இது அறிமுகமான பொருள். ஆனால் அது 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சினுக்காக அளந்தது. பத்மினியில் போட்டால் ஐடிலிங் அழகாக நிற்கும், மைலேஜும் வரும், மேட்டில் மூச்சு வாங்கும். ஜெட் மாற்றினால் ஓரளவு சரியாகும். ஆக்ஸிலரேட்டர் கம்பி, சோக் கம்பி, ஏர் ஃபில்டர் எல்லாவற்றுக்கும் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். பழைய கார்பரேட்டர் கிடைக்கவே இல்லையென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

நாங்கள் சோலெக்ஸையே எடுத்தோம். இந்த எஞ்சினுக்கென்று அளந்தது, கேஸ்கெட் கிட் இன்னும் கிடைக்கிறது, நான்கு பேர் பிரித்துப் படிக்கலாம். மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகக் கடைகளில் அரை நாள் தேடி ஒரு உடம்பு கிடைத்தது.

பழைய கார்பரேட்டர் வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவை. த்ராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அந்த இடைவெளியில் காற்று திருட்டுத்தனமாக நுழையும், எவ்வளவு டியூன் செய்தாலும் ஐடிலிங் நிற்காது. ஆட்டம் குறைவென்றால் லேத்தில் புஷ் போட்டுச் சரிசெய்யலாம். அடியில் எஞ்சினோடு சேரும் முகத்தை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள், வளைந்திருந்தால் தெரியும். மேல்மூடிக்கும் அப்படியே. ஃப்ளோட்டைக் காதருகே குலுக்குங்கள், உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை. ஜெட்டுகளின் மேல் எண் இருக்கிறதா, துளை வட்டமாக இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். கம்பியால் குத்திய ஜெட் நிறைய வரும். பித்தளை மென்மையானது. கம்பியை விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகிவிடும், அதன்பின் மேலே உள்ள எண் பொய். அடைப்பு எடுக்கக் கார்பரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

உப்பைப் பற்றிய பாடம் எனக்கு ஒர்க் ஷாப்பில் கிடைக்கவில்லை, திரேஸ்புரத்தில் கிடைத்தது. அங்கே ஃபைபர் படகுகளின் அவுட்போர்டு எஞ்சின் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். உப்புக் காற்றிலேயே வாழும் கார்பரேட்டர்கள் அவருடையவை. "வெள்ள பூத்திருச்சுன்னா சொரண்டக் கூடாதும்மா. மொதல்ல நல்ல தண்ணில கழுவு, உப்பு போவட்டும். பொறவு பெட்ரோலு. காயவச்சு காத்தடி" என்றார். எல்லோரும் பெட்ரோலில்தான் முதலில் முக்குவார்கள். பெட்ரோலில் உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். ஆறாம் வகுப்பு அறிவியல்தான் இது. கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

இனி டியூனிங். கார்பரேட்டர் கோளாறு என்று கொண்டுவரும் வண்டிகளில் பல, கார்பரேட்டர் கோளாறு இல்லாதவை. அதனால் அதைத் தொடுவதற்கு முன் மற்றவற்றை முடித்துவிட வேண்டும். வால்வு இடைவெளி, பாயின்ட் இடைவெளி, இக்னிஷன் டைமிங், ப்ளக், கம்ப்ரஷன் எல்லாம் கையேட்டில் சொன்ன அளவில் இருக்கிறதா? இன்டேக் பக்கம் எங்காவது காற்றுக் கசிவு இருக்கிறதா? எஞ்சினை ஓடவிட்டு, சந்தேகப்படும் இணைப்புகளில் சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்தால் ஓட்டம் மாறும், அங்கே கசிவு என்று அர்த்தம். இந்த வரிசையை மாற்றினால் ஒரு குறையை மறைக்க இன்னொரு குறையை உண்டாக்குவோம்.

அடுத்து ஃப்ளோட் மட்டம். கிண்ணத்தில் பெட்ரோல் உயரமாக நின்றால் எல்லா வேகத்திலும் பெட்ரோல் கூடும், பள்ளத்தில் இறங்கினால் ஓவர்ஃப்ளோ ஆகும். தாழ்ந்தால் எல்லா வேகத்திலும் வறட்சி. ஆகவே இது சரியாகும் வரை ஜெட்டைத் தொடாதீர்கள்.

இப்போது அந்த ஒன்றரைச் சுற்றுக் கேள்விக்கு வருவோம். ஸ்க்ரூவை மெதுவாக, இறுக்காமல், உள்ளே முழுதாகத் திருப்பிவிட்டு ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பது எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கான தொடக்க இடம் மட்டுமே. அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஸ்டார்ட் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். சோக் முழுதாகத் திறந்திருக்கட்டும். பிறகு ஸ்க்ரூவை கால் சுற்று, கால் சுற்றாக வெளியே எடுங்கள். சோலெக்ஸில் வெளியே வந்தால் பெட்ரோல் கூடும். எஞ்சின் வேகம் ஏறி, ஒரு இடத்துக்குப் பிறகு விழத் தொடங்கும். இப்போது உள்ளே திருப்புங்கள். மறுபடி ஏறி, ஒரு இடத்தில் மிஸ்ஸிங் வரும். இரண்டுக்கும் நடுவில் எஞ்சின் சீராக ஓடும் இடம்தான் சரி. அதன்பின் ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைத்து, மறுபடி கலவை ஸ்க்ரூவைப் பாருங்கள். இரண்டு மூன்று முறை மாறி மாறிச் செய்தால் அடங்கிவிடும். எங்கள் வண்டியில் அது ஒன்றே முக்கால் சுற்றில் நின்றது. இன்னொரு வண்டியில் ஒன்றே காலில் நிற்கலாம். சில கார்பரேட்டர்களில் இந்த ஸ்க்ரூ பெட்ரோலுக்குப் பதில் காற்றைக் கட்டுப்படுத்தும், அங்கே திசை தலைகீழ்.

காதால் கேட்டு இதைச் செய்யலாம். ஆனால் காது ஏமாற்றும், களைத்துப்போகும். ஒரு வாக்குவம் கேஜ் வாங்கி இன்டேக் குழாயில் மாட்டினால் முள் பேசும். நல்ல எஞ்சினில் ஐடிலிங்கில் 17 முதல் 21 அங்குலம் வரை ஆடாமல் நிற்கும். ஸ்க்ரூவைத் திருப்பும்போது முள் எங்கே உச்சத்தில் நிற்கிறதோ அதுதான் இடம். நாம் கடல் மட்டத்தில் இருப்பதால் இந்த அளவு அப்படியே பொருந்தும். இதே வண்டியைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் கூடிப்போய்க் கறுப்புப் புகை தள்ளும்.

இன்னொரு கருவி நம் பெட்ரோல் பங்கிலேயே இருக்கிறது. புகைச் சான்று கொடுக்கும் மையத்தின் வாயு அளக்கும் மெஷின்தான் அது. பாரத் ஸ்டேஜ் 2க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், ஹைட்ரோகார்பன் 1,500 பிபிஎம்முக்குள். பெரும்பாலானோர் சான்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள். கூட்டம் இல்லாத மத்தியானத்தில் போய்க் கேட்டோம், குழாயை சைலன்சரில் வைத்தபடியே ஸ்க்ரூவைத் திருப்ப விட்டார்கள். கால் சுற்றுக்கு எண் எப்படி மாறுகிறது என்று பையன்கள் கண்ணால் பார்த்தார்கள். மோனாக்சைடு கூடினால் பெட்ரோல் அதிகம். மோனாக்சைடு குறைந்து ஹைட்ரோகார்பன் திடீரென்று ஏறினால், கலவை வறண்டு மிஸ்ஸிங் ஆகிறது. 4.6இல் இருந்த எண்ணை 2.1க்கு இறக்கியவன் ஒன்றரைச் சுற்றுக் கேள்வி கேட்ட அதே பையன். மெஷின் அவனிடம் எந்தத் தெரு என்று கேட்கவில்லை, கைராசி இருக்கிறதா என்றும் கேட்கவில்லை.

கடைசியாக மெயின் ஜெட். இன்று பழைய வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொதுப் பிரச்சினை. 2023இல் தொடங்கி 2025க்குள் நாடு முழுவதும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகப் போதும். 14.7 என்ற கணக்கு இந்தப் பெட்ரோலில் ஏறக்குறைய 13.5 ஆகிறது. ஆனால் பழைய ஜெட் பழைய அளவிலேயே பெட்ரோல் விடும். விளைவு, கலவை வறட்சி: பிக்கப்பில் தயக்கம், சூடு, இழுவைக் குறைவு. புது வண்டியில் சென்சார் பார்த்துக் கணினி திருத்திக்கொள்ளும். பழைய வண்டியில் நாம்தான் கணினி.

கணக்கு இதோ. பெட்ரோல் சுமார் 8 விழுக்காடு கூட வேண்டும். ஜெட்டில் உள்ள எண் துளையின் விட்டத்தைச் சொல்வது, 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். ஆனால் வழியும் பெட்ரோல் துளையின் பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கம். எனவே 8 விழுக்காடு பரப்பு கூட, விட்டம் 4 விழுக்காடு கூடினால் போதும். 120 இருந்த இடத்தில் 125. பத்தாம் வகுப்பில் 'இது எதுக்கு டீச்சர்' என்று கேட்ட வட்டத்தின் பரப்பளவு இங்கே வந்து நிற்கிறது. ஜெட்டை ட்ரில் போட்டுப் பெரிதாக்காமல் அடுத்த எண் ஜெட்டை வாங்கிப் போடுங்கள்.

ஜெட் சரியா என்று பார்க்கத் திருச்செந்தூர் சாலையில் ஓட்டினோம். சமதளம், காலை ஆறு மணிக்குக் கூட்டமும் இல்லை. டாப் கியரில் 60இல் சீராக ஓடும்போது சோக்கை லேசாக இழுக்க வேண்டும். வண்டி தெளிந்து இழுத்தால் ஜெட் சின்னது. திணறினால் ஜெட் போதும் அல்லது பெரிது. பிறகு ஓரம் கட்டி ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தோம். கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு வெளுப்பு என்றால் வறட்சி, வெளிர் பழுப்பு நல்லது. பழைய ஜெட்டில் வெளுத்துக் கிடந்த நான்கு ப்ளக்கும் ஒரு எண் ஏற்றியதும் நிறம் மாறின. வறட்சியை அலட்சியம் செய்யாதீர்கள், அது வால்வைச் சுடும்.

எத்தனால் இன்னும் இரண்டு வேலை வைக்கும். பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். ஆகவே பெட்ரோல் ஹோஸ், நீடில் வால்வு நுனி, பம்ப் டயஃப்ரம் மூன்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட வேண்டும். ஹோஸில் ஆர்9 என்று அச்சிட்டிருந்தால் நல்லது. இரண்டாவது, அது ஈரத்தை உறிஞ்சும். நம் கடற்கரைக் காற்றில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் அடியில் தங்கி டேங்க் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

இதில் அரசியலும் இருக்கிறது. 2022 ஏப்ரல் முதல் பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 600இலிருந்து 5,000 ரூபாய் ஆனது. பெட்ரோலும் மாறியது. ஐம்பது வருடம் தாண்டிய காருக்கு 'வின்டேஜ்' என்று 2021இல் தனி நம்பர் வரிசை கொடுத்தார்கள். கண்காட்சிக்கு நிற்கும் காருக்குப் பெருமை உண்டு, பிரசவத்துக்கு ஓடும் காருக்குக் கட்டணம் உண்டு. புகையைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்குக் காற்றின் அருமையை யாரும் கற்றுத்தர வேண்டாம். ஆனால் ஒரு ஜெட் மாற்றினால், ஒரு ஸ்க்ரூவைச் சரியாகத் திருப்பினால் பாதியாகும் புகையைப் பற்றி எந்த அறிவிப்பிலும் ஒரு வரி இல்லையே.

எம்.ஏ.வில் படித்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். மைக்கேல் போலன்யி என்ற அறிஞர் 1966இல் சொல்லப்படாத அறிவு பற்றி எழுதினார். நமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட முடியாது என்பது அவர் வாதம். 1974இல் ஹாரி காலின்ஸ் என்ற சமூகவியலாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். பிரிட்டனில் ஒரு புதுவகை லேசரைச் செய்ய முயன்ற ஆய்வகங்களைத் தேடிப் போனார். அச்சான கட்டுரையை மட்டும் படித்து யாராலும் அதைச் செய்ய முடியவில்லை. ஏற்கெனவே செய்தவர்களோடு பழகியவர்களால்தான் முடிந்தது. விஞ்ஞானிகளுக்கே அப்படி!

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். அறிவு ஆளோடு ஆள் பழகித்தான் பரவும் என்றால், பழகுவதைத் தடுப்பது அறிவைத் தடுப்பது. தனி டம்ளரும் தனித் தெருவும் அவமானம் என்பதோடு நின்றுவிடவில்லை. எந்த மேசையைச் சுற்றித் தொழில் ரகசியம் பேசப்படுகிறதோ அந்த மேசைக்கு நாம் வராமல் அவை பார்த்துக்கொண்டன. டீ வாங்க அனுப்புவதும் அதே வேலையைத்தான் செய்கிறது. கைராசி என்ற சொல் அதற்குப் பூசிய சந்தனம். அப்பா பதினேழு வருடம் அந்த வண்டியை ஓட்டினார், ஒருநாளும் கார்பரேட்டரைத் திறக்கவிடவில்லை. திறக்க வேண்டிய நாளில் வேறு ஆள் வருவார்.

கைப்பழக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. எஞ்சின் சத்தத்தில் வால்வு இடைவெளியைக் கண்டுபிடிக்கும் மேஸ்திரிகளை எனக்குத் தெரியும், அவர்கள் முன்னால் நான் கைகட்டித்தான் நிற்பேன். ஆனால் பழக்கம் பழகினால் எல்லோருக்கும் வரும். சொல்ல முடிந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, எழுத முடிந்ததையெல்லாம் எழுதிவிட்டு, அளக்க முடிந்ததையெல்லாம் அளந்துவிட்டு, மீதியைப் பக்கத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும். பக்கத்தில் நிற்க விடுவதுதான் முதல் படி.

படிக்கும் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் தெருவில் ஒர்க் ஷாப்பிலோ லேத்திலோ வெல்டிங் கடையிலோ ஹெல்பராக இருக்கும் தம்பி தங்கைகளிடம் 'உங்களுக்குப் பதில் கிடைக்காத கேள்வி எது?' என்று கேளுங்கள். பதிலைத் தேடிப் பிடியுங்கள். நூலகத்தில் இருக்கலாம், ஐடிஐ ஆசிரியர் ஒருவரிடம் இருக்கலாம், திரேஸ்புரத்து அண்ணாச்சியைப் போலத் தாராளமாகச் சொல்லும் ஒருவரிடமும் இருக்கலாம். தமிழில், எண்களோடு எழுதுங்கள். எங்கள் வாசிப்பு வட்டத்தில் 40 பக்க நோட்டு ஒன்று அப்படி நிரம்பிவிட்டது. அடுத்து டைனமோவும் டிஸ்ட்ரிப்யூட்டரும். ஞாயிறு காலை பத்து மணி. கை அழுக்காகும், பழைய துணி ஒன்று கொண்டு வாருங்கள்.